குண்டிக்காய் கெட்ட சொல்லா?

நீங்கள் எழுதியதை நான் விளங்கிக்கொண்டபடி முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், மகள். திருகோணமலையில் ஒரு கிளினிக்கில் உங்கள் அம்மம்மா, "எனக்குக் குண்டிக்காய் நோகிறது" என்று சொல்லியிருக்கிறார். வரிசையில் நின்ற சிலர் சிரித்துவிட்டார்கள். உங்களுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. வீட்டுக்குத் திரும்பும் வழியில், "இனிமேல் சிறுநீரகம் என்று சொல்லுங்கள் அம்மம்மா" என்று அவரைத் திருத்தியிருக்கிறீர்கள். அன்றிலிருந்து அவர் உங்களோடு சரியாகப் பேசுவதில்லை. குண்டிக்காய் என்றால் என்ன, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அம்மம்மா பிழையாகப் பேசினாரா, அசிங்கமாகப் பேசினாரா என்பதுதான் உங்கள் மனதை அரிக்கிறது என்று எனக்குப் படுகிறது. அவர் பிழையாகவும் பேசவில்லை, அசிங்கமாகவும் பேசவில்லை. நல்ல தமிழில், சரியான உறுப்பைச் சரியான பெயரால் சொன்னார். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விரிவாகவே எழுதுகிறேன்.

நான் 1980 முதல் 36 ஆண்டுகள் தாதியாக வேலை செய்தவள். அதில் பெரும்பகுதி இந்த மாவட்டத்திலேயே கழிந்தது. படித்தது ஆங்கிலத்தில், நோயாளர்கள் பேசியது மூதூர்த் தமிழ், கிண்ணியாத் தமிழ், தம்பலகாமத்துத் தமிழ், கந்தளாய்ப் பக்கத்துச் சிங்களம். ஒரே உறுப்புக்கு நான்கு பெயர் கேட்டுப் பழகியதால் சொற்களில் ஒரு பிடிப்பு வந்தது. ஓய்வுபெற்ற பிறகு அகராதிகளோடு நேரம் போகிறது. மொழியியலை முறையாகப் படித்தவள் அல்ல. ஆகவே இந்தச் சொல் எந்த உறுப்பைக் குறிக்கிறது என்று நான் சொல்வதை நீங்கள் உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். அது எப்படிப் பிறந்தது என்பதில் எது உறுதி, எது ஊகம் என்பதை அந்தந்த இடத்திலேயே பிரித்துக் காட்டுகிறேன்.

குண்டிக்காய் என்றால் சிறுநீரகம். வேறு எதுவும் இல்லை. இதை நான் அறிந்துகொண்ட விதத்தைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அதில் என் பிழை இருக்கிறது. 1981இல், பயிற்சி முடித்து ஓர் ஆண்டுகூட ஆகாத நேரம், மூதூரிலிருந்து லோஞ்சில் ஒரு வயதான அம்மாவைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அன்று கடமையில் இருந்த வைத்தியர் தெற்கிலிருந்து வந்தவர். அவருக்குத் தமிழ் தெரியாது. எங்கே நோகிறது என்று கேட்டுச் சொல்லும்படி என்னிடம் சொன்னார். அந்த அம்மா, "குண்டிக்காய்க்குள் குத்துகிறது பிள்ளை" என்றார். எங்கள் வீடு சைவ வீடு. இறைச்சி என்ற பேச்சே அடுப்படிக்குள் வராது. அந்தச் சொல்லை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. எனக்குத் தெரிந்த குண்டியை வைத்துப் பொருள் கொண்டு, பிட்டத்தில் வலி என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். வைத்தியர் வலிக்கு மாத்திரையும் பூசுவதற்கு மருந்தும் எழுதினார். நடுச்சாமத்துக்குப் பிறகு அந்த அம்மாவுக்குக் கட்டில் ஆடும் அளவுக்குக் குளிர் வந்தது, காய்ச்சல் ஏறியது. வார்டில் வேலை செய்த கிண்ணியாவைச் சேர்ந்த அற்றெண்டன் ஒருவர், நாங்கள் எல்லாரும் ராத்தா என்று கூப்பிடுபவர், என்னிடம் வந்து, "பிள்ளை, அவர் முதுகைப் பிடித்துக்கொண்டல்லவா படுத்திருக்கிறார், குண்டிக்காய் என்றால் மூத்திரம் பிரிக்கிற காய்" என்றார். காலையில் சிறுநீரைச் சோதித்தபோது சீழ் அணுக்கள் நிறைந்திருந்தன. சிறுநீரகத்தில் கிருமித் தொற்று. மருந்து தொடங்கி எட்டாம் நாள் அவர் நடந்து வீட்டுக்குப் போனார். ஆனாலும் ஒரு முழு இரவு வீணாய்ப் போனது என் வாயால்தான். உங்கள் அம்மம்மாவைப் பார்த்துச் சிரித்தவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

அதற்கடுத்த வாரம் ராத்தா என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போனார். கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறக்கப்பட்டது. அந்த நாட்களில் பாதை என்ற மிதவைப் படகில் ஏறித்தான் அக்கரை போக வேண்டும். போகும் வழியில் ஓர் இறைச்சிக் கடை முன்னால் நிறுத்தி, ஆட்டின் குண்டிக்காய் ஒன்றை எடுத்துக் காட்டச் சொன்னார். கடைக்காரர் வாழையிலைத் துண்டில் வைத்தது முதலில் எனக்கு வெறும் கொழுப்புக் கட்டியாகத்தான் தெரிந்தது, கட்டித் தேங்காய்ப்பால் உறைந்ததுபோல. ராத்தா அதைக் கையில் வாங்கி, அந்தக் கொழுப்பை விரலால் விலக்கினார். உள்ளே, மெல்லிய சவ்வு போர்த்த, பளபளவென்ற கருஞ்சிவப்பு நிறத்தில் உருண்டையான ஒன்று. ஒரு பக்கம் மட்டும் உள்வாங்கி, காம்பு பிய்ந்த இடம்போல ஒரு குழி. அந்தக் குழிக்குள்ளிருந்து குழாய்கள் வெளியே வந்தன. கையில் வாங்கி அழுத்திப் பார்த்தேன். ஈரலைப்போலக் குழையவில்லை. காய்போலத் திண்ணென்று இருந்தது. பாடப்புத்தகத்தில் எத்தனையோ முறை படம் வரைந்து பெயர் குறித்த உறுப்பு அது. காய் என்று ஏன் சொன்னார்கள் என்பது அன்றுதான் விளங்கியது.

இந்தச் சொல் இறைச்சிக் கடைக்கு மட்டும் உரியது என்றும் நினைத்துவிடாதீர்கள். உங்கள் சுற்றத்தில் கிறிஸ்தவர்கள் இருந்தால், தேவாலயங்களில் இன்றும் வாசிக்கப்படும் பழைய தமிழ் வேதாகமத்தைத் திறந்து லேவியராகமத்தின் மூன்றாம் அதிகாரத்தைப் பாருங்கள். பலியிடும் விலங்கின் சிறுநீரகங்களைப் பற்றிச் சொல்லும் இடமெல்லாம் குண்டிக்காய்கள் என்றே இருக்கும். வேதப் புத்தகத்தை மொழிபெயர்த்தவர்கள் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்துப் போட்டவர்கள். ஆலயத்தில் குழந்தைகள் முன்னால் உரத்து வாசிக்கக் கூசும் சொல்லாக அது அன்றைக்கு இருந்திருந்தால் அங்கே இடம் பெற்றிருக்காது. இது உறுதியான சான்று.

இனிப் பிறப்பு. குண்டிக்காய் என்பதில் காய் வெளிப்படை. குண்டி என்ற முன்பாதியில்தான் எல்லாச் சிக்கலும். பலரும் சொல்லும் விளக்கம், அந்த உறுப்பு குண்டிக்கு மேலே இருப்பதால் அப்படிப் பெயர் வந்தது என்பது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சிறுநீரகங்கள் இருப்பது முதுகெலும்பின் இரு பக்கமும், மேற்பாதி கடைசி விலா எலும்புகளுக்குள் மறைந்திருக்கும்படி. வலப்பக்கத்தது கல்லீரலுக்கு இடம் கொடுத்துச் சற்றுக் கீழே இறங்கியிருக்கும். அதற்குக் கீழே நாரி, அதாவது இடுப்பின் பின்பக்கம். நாரிக்கும் கீழேதான் பிட்டம். ஆட்டை உரித்துத் துண்டு போடத் தெரிந்தவர்களுக்கு இந்தத் தூரம் நன்றாகவே தெரியும். இடத்தை வைத்துப் பெயரிட்டிருந்தால் நாரிக்காய் என்றோ விலாக்காய் என்றோ சொல்லியிருப்பார்கள்.

நான் பெரிதும் நம்பும் விளக்கம் வேறு. தமிழில் குண்டு என்றால் உருண்டையானது, திரண்டது. குண்டூசியின் தலை உருண்டை, குண்டுமணி உருண்டை, குண்டான் என்ற பாத்திரம் உருண்டை. அதே குண்டுக்குக் குழி, ஆழம் என்ற பொருளும் உண்டு. வீதி குண்டும் குழியுமாகக் கிடக்கிறது என்று நாம் சொல்வதில் இருப்பது அதுதான். பிட்டத்தைக் குறிக்கும் குண்டியும் திரட்சியால் அந்தப் பெயரைப் பெற்றது என்று கொண்டால், குண்டியும் குண்டிக்காயும் தாயும் பிள்ளையும் ஆகா; ஒரே வேரில் பிறந்த அக்கா தங்கை ஆகிவிடும். உருண்டையான காய், குண்டிக்காய். குண்டுக்கு உருட்சிப் பொருள் உண்டு என்பது உறுதி. குண்டிக்காய் அதிலிருந்துதான் வந்தது என்பது ஊகம். ஆனால் அந்த ஊகத்துக்கு வலுவான துணை ஒன்று பக்கத்து மொழியில் இருக்கிறது.

தெலுங்கில் குண்டெ என்றால் இதயம். குண்டெகாய என்றாலும் இதயம்தான். நம்முடைய குண்டிக்காயும் அவர்களுடைய குண்டெகாயவும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகின்றன, உறுப்புத்தான் வேறு. கன்னடத்தில் குண்டிகெ என்றாலும் இதயமே. துணிச்சல் என்ற பொருளிலும் அதைச் சொல்வார்கள். தெலுங்கர் காதலைப் பற்றிப் பாடும் பாட்டில் வரும் சொல் அது! பிட்டத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இருக்க வழியில்லை. இந்தச் சொற்கள் உறவுடையவை என்றால், வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் உள்ளே இருக்கும் திரண்ட உறுப்பு என்ற பொதுப் பொருள் ஆதியில் இருந்து, பிறகு ஒரு மொழியில் இதயத்துக்கும் இன்னொரு மொழியில் சிறுநீரகத்துக்கும் ஒதுங்கியிருக்க வேண்டும். காய் சேர்வதும் அங்கே இயல்பு. தலையைத் தெலுங்கர் தலகாய என்பார்கள்.

இதயத்தையும் சிறுநீரகத்தையும் எப்படி ஒரே பெயரால் அழைக்க முடியும் என்று நீங்கள் கேட்பீர்கள். நாங்கள் பாடப்புத்தகத்துப் படத்தோடு வளர்ந்தவர்கள். அதனால் அது விந்தையாகத் தெரிகிறது. பழைய காலத்தவருக்கு இரண்டும் அருகருகே இருந்தன. இதற்கு நம் தீவிலேயே ஒரு சான்று உண்டு. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்தில் புத்தகோசர் என்ற பௌத்தத் துறவி பாளி மொழியில் எழுதிய விசுத்திமக்கம், உடலின் 32 கூறுகளைத் தியானத்துக்காக ஒவ்வொன்றாக விவரிக்கிறது. அதில் சிறுநீரகத்துக்குப் பெயர் வக்கம். ஒரே காம்பில் தொங்கும் இரண்டு மாங்காய்களைப்போன்றது என்று உவமை சொல்லி, அது இதயத்தின் தசையைச் சூழ நிற்பதாக இடமும் சொல்கிறது. வரிசையில் வக்கத்துக்கு அடுத்தது இதயமே. இந்தப் பத்தியை முதன்முதலில் படித்தபோது எனக்கு ராத்தாவின் கையில் இருந்த வாழையிலை நினைவுக்கு வந்தது. 1,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு துறவிக்கும் அந்த உறுப்பு காயாகத்தான் தெரிந்திருக்கிறது. இது தமிழ்ச் சொல்லின் பிறப்புக்கு நேரடிச் சான்று ஆகாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். இந்த மண்ணில் அப்படிப் பார்க்கும் ஒரு கண் இருந்தது என்பதை மட்டும் அது காட்டுகிறது.

பழைய ஏற்பாட்டின் மூல மொழியான எபிரேயத்திலும் இதே நெருக்கம் உண்டு. லேவியராகமத்தில் குண்டிக்காய் என்று தமிழில் வந்த அதே எபிரேயச் சொல், அதே வேதாகமத்தின் சங்கீதங்களில் இறைவன் மனிதனின் உள்ளத்தைச் சோதிக்கிறார் என்று வரும் இடத்தில் இதயத்தோடு இணையாக நிற்கிறது. அங்கே தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் குண்டிக்காய் என்று போடாமல் உள்ளிந்திரியங்கள் என்று போட்டார்கள். விலங்கின் உறுப்புக்கு ஒரு சொல், மனிதனின் அந்தரங்கத்துக்கு இன்னொரு சொல் என்று அவர்கள் பிரித்தது எனக்குச் சரியாகவே படுகிறது. தெலுங்கன் குண்டெ என்ற சொல்லில் வைத்திருக்கும் உணர்ச்சி தமிழில் குண்டிக்காய்க்கு இல்லை. நமக்கு நெஞ்சு இருக்கிறது, உள்ளம் இருக்கிறது.

பிறகு எப்படி இந்தச் சொல் கூச்சத்துக்குரியது ஆனது? பேச்சில் குண்டி என்ற சொல் பிட்டத்துக்கு என்றே நிலைத்து, அதுவும் நாலு பேர் முன் சொல்லக்கூடாத சொல்லாக இறங்கியது. பக்கத்தில் இருந்த குண்டிக்காய்மீதும் அந்தக் கறை பட்டுவிட்டது. நன்னூல் இடக்கரடக்கல் என்று ஒன்றைச் சொல்கிறது. சபையில் சொல்லக் கூசுவதை மறைத்து வேறொரு சொல்லால் சொல்வது. நம் ஊரில் சலம் என்கிறோமே, அது வடமொழியில் வெறும் நீர் என்று பொருள்படும் ஜலம். சலம் போகிறது, சலக்கடுப்பு, சலப்பை, நீரிழிவைக் குறிக்கும் சலரோகம் எல்லாம் அந்த மறைப்பில் பிறந்தவை. சிறுநீரும் அதே வகைதான். சிறிய நீர் என்று சொல்லி ஒதுங்கிக்கொள்கிறோம். அதனால் சிறுநீரகம் என்ற சொல் தூய்மையானது, குண்டிக்காய் அசிங்கமானது என்று தரம் பிரித்தால் ஒரு வேடிக்கையான நிலைக்கு வந்து சேருவோம்: மூத்திரத்தின் பெயரைத் தாங்கிய சொல் நாகரிகமாகவும், வெறும் உருண்டைக் காய் என்று சொல்லும் சொல் அநாகரிகமாகவும் ஆகிவிடும்.

சிறுநீரகத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அது அருமையான ஆக்கம். சிறுநீர், அகம், சிறுநீர் உண்டாகும் இடம். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லீற்றர் திரவத்தை இரத்தத்திலிருந்து வடித்து, உடலுக்கு வேண்டியதையெல்லாம் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, ஒன்றரை லீற்றர் அளவில் சிறுநீராக வெளியேற்றுகிறது இந்த உறுப்பு. அந்தத் தொழிலைப் பெயரே சொல்லிவிடுகிறது. குண்டிக்காய் வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர். சிறுநீரகம் வேலையைப் புரிந்துகொண்டு வைத்த பெயர். இந்த வேறுபாடு முக்கியமானது. வேலை தெரியாத காலத்தில் வேலையை வைத்துப் பெயரிட முடியாது. ஆயுர்வேதத்தின் பழைய நூலான சரக சங்கிதை, விருக்கம் என்று அழைக்கும் இந்த உறுப்பைக் கொழுப்பு ஓடும் பாதைகளின் மூலம் என்கிறது. சிறுநீரோடு அதை அங்கே முடிச்சுப்போடவில்லை. கொழுப்பு போர்த்திய அந்த ஆட்டுக் குண்டிக்காயைப் பார்த்தவர்களுக்கு இது எப்படித் தோன்றியது என்பது விளங்கும். மேற்கில் 2ஆம் நூற்றாண்டிலேயே காலன் என்ற கிரேக்க வைத்தியர், விலங்குகளில் சிறுநீர்க் குழாய்களைக் கட்டிப் பார்த்து, சிறுநீர் இங்கேதான் உண்டாகிறது என்று காட்டினார். ஆனாலும் அது எப்படி உண்டாகிறது என்பதன் நுட்பம் துலங்க, 1842இல் போமன் என்ற ஆங்கிலேய வைத்தியர் சிறுநீரகத்துக்குள் இருக்கும் ஒரு சிறிய உறையை நுணுக்குக்காட்டியின் கீழ் கண்டு விவரிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உங்கள் உயர்தர உயிரியல் புத்தகத்தில் போமனின் உறை என்று படித்திருப்பீர்கள்.

மேலைநாட்டு மருத்துவத்துக்குத் தமிழில் சொற்களை ஆக்கும் வேலை தொடங்கியதும் நம் நாட்டில்தான் என்று சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது. 1847இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மாணவர்களுக்கு மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்று நூலை மனுஷ அங்காதிபாதம் என்று தமிழாக்கினார். அந்த வழியில் வந்த நம் பாடப்புத்தகச் சொற்கள் சிலவற்றைப் பார்த்தால் ஆக்கியவர்களின் கூர்மை தெரியும். தமிழ்நாட்டில் கணையம் என்பதை நாம் சதையி என்கிறோம். கிரேக்கத்தில் அந்த உறுப்பின் பெயருக்கு முழுக்கச் சதை என்றுதான் பொருள். இதயத்தின் மேலறைக்கு லத்தீனில் சிறுகாது என்று பெயர். நாம் காதுச் சோணையை எடுத்துச் சோணையறை என்று வைத்தோம். சிறுநீரகத்துக்குள் இருக்கும் நுண்ணிய வடிகட்டி ஒவ்வொன்றையும் சிறுநீரகத்தி என்கிறோம். ஒரு சிறுநீரகத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் சிறுநீரகத்திகள் உண்டு. குண்டிக்காயிலிருந்து இப்படி ஒரு குடும்பச் சொல்லை உருவாக்கியிருக்க முடியாது. பாடப்புத்தகத்துக்குச் சிறுநீரகம் வேண்டியிருந்ததற்கு இது போதுமான காரணம்.

ஒரே உறுப்புக்கு வீட்டுப் பெயர் ஒன்றும் படிப்புப் பெயர் ஒன்றும் இருப்பது தமிழுக்கு மட்டும் நேர்ந்தது அல்ல. ஆங்கிலேயர் வீட்டில் கிட்னி என்பார்கள். அந்தச் சொல்லின் பிறப்பு அவர்களுக்கே இன்றுவரை தெளிவில்லை. வைத்தியசாலைக்குள் நுழைந்தால் லத்தீனின் ரெனல் வரும், கிரேக்கத்தின் நெஃப்ரோ வரும். வார்டில் அவசரத்துக்கு எடுக்கும் ஊசி மருந்து ஒன்று உண்டு. சில குப்பிகளில் அட்ரினலின் என்றும் சிலவற்றில் எபினெஃப்ரின் என்றும் அச்சிட்டிருக்கும். புதிதாக வந்த பிள்ளைகள் இரண்டையும் வேறு வேறு மருந்து என்று எண்ணிப் பதறுவார்கள். முதலாவது லத்தீனில் சிறுநீரகத்தின் அருகே, இரண்டாவது கிரேக்கத்தில் சிறுநீரகத்தின் மேலே. சிறுநீரகத்தின் உச்சியில் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் சுரப்பியிலிருந்து வருவதால் இரண்டு பெயரும் வந்தன. மருந்து ஒன்றே. சிறுநீரகமும் குண்டிக்காயும் ஒன்றாக இருப்பதில் அதைவிட வியப்பு எதுவும் இல்லை. மலையாளத்தார் விருக்க என்று வடமொழியை எடுத்துக்கொண்டார்கள். தெலுங்கரும் கன்னடரும் மூத்திரபிண்டம் என்று கூசாமல் சொல்கிறார்கள். நம் மாவட்டத்துச் சிங்களவர் வக்குகடுவ என்பார்கள். முன்பாதியில் பாளியின் வக்கமும் பின்பாதியில் கட்டி, திரளை என்று பொருள்படும் கடுவும் இருப்பதாக நான் கொள்கிறேன். அப்படியானால் அவர்களும் வடிவத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். வட மத்திய மாகாணத்து விவசாயிகளிடையே 1990களில் கண்டறியப்பட்ட, காரணம் இன்னும் முடிவாகாத சிறுநீரக நோய், நம் மாவட்டத்துப் பதவி சிறிபுரப் பக்கத்திலும் பரவியதால், அந்தச் சிங்களச் சொல் இப்போது நம் தமிழ் நோயாளர்கள் வாயிலும் வந்துவிட்டது.

கிட்னி என்றே சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லையே என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். சொல்லலாம், எல்லோருக்கும் விளங்கும். ஆனால் அதை அம்மம்மாமீது திணிக்க வேண்டாம். ஒரு முதியவர் தன் வலியைச் சிறுவயதில் பழகிய சொல்லால்தான் துல்லியமாகச் சொல்வார். அவருக்கு நாரி நோவும் குண்டிக்காய் நோவும் வேறு வேறு. குனிந்து நிமிரும்போது பிடித்துக்கொள்வது நாரி. உள்ளே ஆழத்தில் நின்று குத்துவது குண்டிக்காய். சொல்லை மாற்றச் சொன்னால் அந்தப் பிரிவையும் சேர்த்து விட்டுவிடுவார், எல்லாவற்றுக்கும் இடுப்பு வலி என்று சொல்லப் பழகிவிடுவார். அப்படிச் சொல்லி வந்தவர்களை நான் நிறையவே கண்டிருக்கிறேன்.

அம்மம்மாவின் வலி உண்மையில் சிறுநீரகத்திலிருந்துதான் வருகிறதா என்பதை இங்கிருந்து நான் சொல்ல முடியாது. அது வைத்தியர் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டியது. முள்ளந்தண்டிலோ தசையிலோ வரும் வலியும் அங்கே காட்டும். சிறுநீரகம் பழுதாவது பெரும்பாலும் வலியே இல்லாமல் நடக்கும். அதை இரத்தத்தில் கிரியாற்றினின் என்ற கழிவின் அளவும் சிறுநீரில் புரதமும் பார்த்துத்தான் அறிவார்கள். அவருக்குச் சலரோகமோ இரத்த அழுத்தமோ இருந்தால் அந்தச் சோதனைகளை அவசியம் கேட்டு வாங்குங்கள். அடுத்த கிளினிக் நாளுக்கு முன், எங்கே நோகிறது என்று கையை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கை பின்பக்கமாகப் போய், கடைசி விலா எலும்பு முள்ளந்தண்டோடு சேரும் மூலையில் பதிந்தால், அதை அப்படியே தாதியிடம் காட்டி, "அம்மம்மா குண்டிக்காய் என்கிறார், அதாவது சிறுநீரகம்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். குளிரோடு காய்ச்சல் வந்தாலோ, சலம் எரிந்தாலோ, சிவந்து போனாலோ கிளினிக் நாளுக்காகக் காத்திராமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள், இரவானாலும்.